வாயில்லாப் பொறியும் வழுவறியும் வகையும்

வைத்தியசாலைக்கு வரும் வளர்ந்த மனிதர் ஒருவர் தமக்கு எவ்விடத்தில் நோகின்றது, எப்பொழுது தொடங்கியது, எதனை உண்டபின் கூடியது என்பவற்றை வாய்திறந்து கூறிவிடுவார். கைக்குழந்தைக்கு அவ்வசதி இல்லை. அது அழும், அல்லது சோர்ந்து கிடக்கும். வைத்தியர் தொட்டும் தட்டியும் வெப்பமானி வைத்துமே நோயை அறியவேண்டும். கணனிப் பொறியியலாளரிடமும் இவ்விருவகை நோயாளிகளும் வருவதுண்டு. மேசைமீதிருக்கும் கணனி முதல்வகையினது. அதற்குத் திரையுண்டு; விசைப்பலகையுண்டு; தவறு நேரின் இன்ன தவறென்று பெரும்பாலும் எழுத்திலேயே அறிவித்துவிடும். சலவைப் பொறியினுள்ளும், மோட்டார் வண்டியின் எஞ்சினருகிலும், நோயாளியின் நாளத்துள் மருந்தை அளந்து செலுத்தும் பம்பியினுள்ளும், இப்பேச்சைக் கேட்பிக்கும் வானொலிப் பெட்டிகள் பலவற்றினுள்ளும் ஒளிந்திருக்கின்ற நுண்கட்டுப்படுத்தியோ இரண்டாம் வகையினது. அது தவறும்போது சலவைப் பொறி நடுவில் நின்றுவிடும், எஞ்சின் திணறும். ஏன் என்று சொல்ல அதற்கு வாயில்லை.

நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரே சிலிக்கன் சில்லின்மேல் அமைக்கப்பட்ட முழுக் கணனியாகும். கணக்கிடும் செயலி, கட்டளைகளை வைத்திருக்கும் நினைவகம், புறவுலகத்தோடு தொடர்புகொள்ளும் முனைகள் ஆகிய யாவும் நகத்தளவிலும் சிறிய அச்சில்லிலேயே அடங்கியிருக்கும். 1974ஆம் ஆண்டில் ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட சில்லு இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. இன்ரெல் நிறுவனத்தின் 8048 என்னும் சில்லு 1976இலும், 8051 என்பது 1980இலும் வெளிவந்தன. மோட்டோரோலா நிறுவனத்தார் அதே பத்தாண்டில் ஆக்கிய 68எச்சி11 என்னும் குடும்பத்தில் ஏ8 எனப்பட்ட சில்லில், செய்நிரலின் வேலைக்கெனக் கிடைத்த எழுதியழிக்கத்தக்க நினைவகம் 256 எழுத்துகளுக்கே இடந்தந்தது. ஓர் அஞ்சலட்டையில் நெருக்கி எழுதக்கூடிய அளவு அது. அந்த அட்டையளவு இடத்தைக்கொண்டு பொறியொன்றை ஆட்சிசெய்யவேண்டும் என்றால், அதில் நிகழும் தவற்றைத் தேடிப் பிடிப்பதும் அத்துணை எளிதன்று.

இத்தகைய தவற்றுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் பூச்சி என்பது. 1947 செத்தெம்பரில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் கணிபொறி ஒன்றில் அஞ்சல் விசையொன்றினுள் அகப்பட்டிறந்த விட்டிலை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். அந்நிகழ்ச்சியே பெயர்க்குக் காரணம் என்று பலர் கூறுவர். அது பொருந்தாது, தோமஸ் எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே தம் கடிதமொன்றில் அச்சொல்லைக் கருவிகளின் குறைக்கு வழங்கியிருக்கின்றார். தமிழிற் கலைச்சொல் ஆக்கியோர் பூச்சியை விடுத்து, வழு என்னும் இலக்கணச் சொல்லை எடுத்துக்கொண்டனர். இது மிகப் பொருத்தமான தெரிவு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களை நன்னூலார் வகுத்துரைப்பர். கணனிச் செய்நிரலிலும் பால் மயங்கினாற்போல ஒருவகை எண்ணை மற்றொருவகை எண்ணாகக் கொள்ளும் வழுவுண்டு. வினவியதற்குப் பொருந்தா விடையிறுக்கும் வழுவுமுண்டு. ஆயினும் நுண்கட்டுப்படுத்தியை ஆள்வோர் யாவரினும் கூடுதலாக அஞ்சுவது கால வழுவையே. இலக்கணத்திற் கால வழு என்பது இறந்தகாலத்து நிகழ்ச்சியை எதிர்காலத்தாற் கூறுவது போன்றது. இங்கோ, செய்யவேண்டியதைச் சரியாகவே செய்து, செய்யவேண்டிய கணத்தில் மட்டும் செய்யாதொழிவது.

வாயில்லாப் பொறியைப் பேசவைக்கப் பொறியியலாளர் முதலிற் கண்ட வழி மிகவும் எளியது. சில்லின் முனையொன்றிற் சிறு விளக்கைப் பொருத்தி, செய்நிரல் ஓரிடத்தை அடைந்ததும் விளக்கை ஏற்றுமாறு கட்டளையிடுவர். விளக்கு எரிந்தால் அதுவரை பழுதில்லை. எரியாவிடின் பழுது அதற்கு முன்னே. ஊமையொருவர் தலையசைத்து ஆம், இல்லை என்று விடைதருவதற்கு இது நிகர். இன்றும் தேர்ந்த பொறியியலாளர் கைவிடாத முறை இது. ஆனால் பத்தாயிரம் கேள்விகளை இவ்வாறு கேட்க இயலாது.

ஆதலின் இரண்டாவது வழி பிறந்தது. சில்லின் நினைவகத்தில் ஒரு மூலையிற் சிறு செய்நிரல் ஒன்றை நிலையாகக் குடியிருத்துவர். அதற்குக் கண்காணிப்பான் என்று பெயர். ஆங்கிலத்தில் மொனிற்றர் எனப்படுவது இதுவே. கணனித் திரையையும் அப்பெயராலேயே அழைப்பதாற் பலர் மயங்குவர். வகுப்பறையில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் மாணாக்கரைக் கவனிக்கும் சட்டாம்பிள்ளைக்கு வழங்கிய பழஞ்சொல் அது என்று நினைவிற் கொண்டால் மயக்கம் தீரும். கண்காணிப்பானிடமிருந்து இரண்டு மூன்று கம்பிகள் வெளியே சென்று மேசைக் கணனியொன்றோடு இணையும். மேசைக் கணனிக்கு விருந்தோம்புபவர் எனப் பொருள்படும் ஹோஸ்ற் என்னும் பெயரும், சோதிக்கப்படும் சில்லுக்கு இலக்கு என்னும் பெயரும் இத்துறையில் வழங்கும். மேசைக் கணனியின் விசைப்பலகையில் ஒருவர் வினவுவதைக் கம்பிவழி கேட்டு, சில்லினுள் உள்ளதைப் பார்த்துச் சொல்வதே கண்காணிப்பானின் தொழில். மேற்சொன்ன மோட்டோரோலாச் சில்லுகளின் பயிற்சிப் பலகைகளில் இருந்த கண்காணிப்பானுக்கு எருமை எனப் பொருள்படும் பபலோ என்ற பெயரை வைத்திருந்தனர். நீண்டதொரு தொடரின் முதலெழுத்துகளை வலிந்து கூட்டிப் பெற்ற பெயர் அது. அறிவியலாரின் நகைச்சுவை அவ்வளவில் நிற்கும்.

இக்கண்காணிப்பான் எவற்றைச் செய்யும்? இன்ன முகவரியில் என்ன எண் உள்ளது என்று கேட்டாற் காட்டும். அதனை மாற்று என்றால் மாற்றும். மேசைக் கணனியில் எழுதப்பட்ட புதிய செய்நிரலை வரிவரியாக வாங்கி நினைவகத்தில் வைக்கும். ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் சரிபார்ப்புக் கூட்டெண் ஒன்று இருக்கும். கூட்டுத்தொகை ஒவ்வாவிடின் வழியில் எழுத்துச் சிதைந்தது என்று அறியலாம். கடைக்காரர் பற்றுச்சீட்டின் அடியிற் கூட்டுத்தொகை இட்டு அனுப்புவதைப் போன்ற ஏற்பாடு.

யாவற்றினும் வியத்தற்குரியது செய்நிரலை விரும்பிய இடத்தில் நிறுத்தும் வித்தை. கண்காணிப்பான் அவ்விடத்தில் உள்ள கட்டளையைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு, அதன் இடத்தில் ‘கண்காணிப்பானை அழை’ எனப் பொருள்படும் வேறொரு கட்டளையை இட்டுவிடும். செய்நிரல் ஓடிவந்து அவ்விடத்தை மிதித்ததும் கட்டுப்பாடு கண்காணிப்பானிடம் சென்றுவிடும். அந்தக் கணத்திற் செயலியின் பதிவேடுகளில் என்னென்ன எண்கள் இருந்தனவோ அவையனைத்தும் மேசைக் கணனியின் திரையில் வரிசையாகத் தோன்றும். பார்த்து முடிந்ததும் கண்காணிப்பான் பழைய கட்டளையைத் திரும்ப வைத்து, ஒன்றும் நடவாததுபோற் செய்நிரலைத் தொடரச்செய்யும். வேடர் பாதையிற் பொறிவைத்து, அகப்பட்ட விலங்கை அளந்துபார்த்தபின் அவிழ்த்துவிடுவதற்கு இதனை ஒப்பிடலாம். பபலோவில் ஒரே வேளையில் நான்கு இடங்களில் இவ்வாறு பொறிவைக்கலாம். ஆனாற் செய்நிரல் எழுதியழிக்கத்தக்க நினைவகத்தில் இருக்கும்போதே இது கூடும். உற்பத்திச்சாலையில் அழியாவண்ணம் பதிக்கப்பட்ட நினைவகத்திற் கட்டளையை மாற்ற எவ்வாறு இயலும்?

இம்முறைக்கு வேறு குறைகளும் உள. கண்காணிப்பான் இடத்தை அடைத்துக்கொள்ளும். சில்லின் தொடர்புக் கம்பியையும் தனதாக்கிக்கொள்ளும். அவை சிறியவை. பெருங்குறை ஒன்றுண்டு. செய்நிரலை நிறுத்தலாம், உலகத்தை நிறுத்த முடியாது. மின்மோட்டாரைச் சுழலச் செய்துவிட்டு, அதன் வேகத்தை அளக்குமுன் செய்நிரல் பொறியில் அகப்பட்டு நின்றால், மோட்டார் தன்பாட்டிற் சுழன்றுகொண்டேயிருக்கும். அதனோடு பிணைத்த கை மேசையை இடித்து உடைந்த பின்னரே பொறியியலாளர் திரையினின்றும் கண்ணை எடுப்பார்.

நிறுத்தாமற் செய்நிரலின் நடுவே ஆங்காங்கு ஒரு சொல்லை அனுப்பச் செய்தால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். அக்காலத்து வழக்கப்படி கம்பிவழி வினாடிக்கு 9600 துடிப்புகள் செல்லும். தொடக்கக் குறியும் ஈற்றுக் குறியும் சேர எழுத்தொன்றுக்குப் 10 துடிப்புகள் வேண்டும். எனவே வினாடிக்கு 960 எழுத்துகள். எழுத்தொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரத்திலொரு வினாடி. மிகச் சிறிய நேரந்தானே என்று தோன்றும். ஆயின் வினாடிக்கு 20 இலட்சம் முறை துடிக்கும் சில்லுக்கு அவ்வொரு எழுத்து 2000 துடிப்புகளுக்குச் சமம். எழுத்துச் செல்லும்வரை செய்நிரல் காத்துநின்றால், அந்நேரத்திற் செய்திருக்கவேண்டிய நூற்றுக்கணக்கான கட்டளைகள் தாமதப்படும். ‘இங்கு வந்தேன்’ என்று சொல்லவைப்பதற்குள் காலக்கணக்கே மாறிவிடும். கால வழுவைத் தேடப்போய்ப் புதிய கால வழுவை உண்டாக்கலாம். அதனிலும் கொடிது, இருந்த வழு சோதிக்கும்போது மட்டும் மறைந்து, சோதனைச் சொற்களை நீக்கியதும் மீண்டும் தலைகாட்டும். நாடியைப் பிடித்தவுடன் அச்சத்தாற் சிறுவனின் நெஞ்சு படபடப்பதனால் உண்மை நாடி அறியவொண்ணாது போவதைப் போன்றது இது.

இதற்கு மாற்று, ஓடும்போது பேசாதே, குறித்துவைத்துக்கொள், பிறகு சொல் என்பது. செய்நிரல் தன் ஒவ்வொரு முதன்மையான செயலையும் நேரத்தோடு நினைவகத்தின் ஒரு பகுதியில் எண்களாகப் பதிந்துகொண்டே போகும். அதற்குச் சில கட்டளைகளின் நேரமே செல்லும். வழு நேர்ந்தபின் மேசைக் கணனி அந்த நாட்குறிப்பைக் கேட்டு வாங்கும். பின்னாளிற் சில்லினுள்ளேயே சோதனைக்கெனத் தனி முனைகளை அமைக்கும் முறையும் வந்தது. 1990ஆம் ஆண்டில் அதற்குப் பொதுத் தரமொன்றும் வகுக்கப்பட்டது. ஆனாற் குறிப்பேட்டு முறையின் அருமையை உலகுக்கு உணர்த்தியது அதன்பின் நிகழ்ந்ததொரு சம்பவம். அச்சம்பவத்தில் இலக்கு ஆய்வுகூட மேசையில் இருக்கவில்லை. செவ்வாய்க் கோளில் இருந்தது.

அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, செவ்வாய் வழிகாட்டி எனப் பொருள்படும் பாத்ஃபைண்டர் கலத்தை 1996 திசெம்பர் 4ஆந் திகதி ஏவியது. அது 1997 யூலை 4ஆந் திகதி செவ்வாயில் இறங்கி, பத்தரைக் கிலோகிராம் எடையுள்ள சோஜேர்னர் என்னும் சிறு ஊர்தியை நிலத்தில் இறக்கியது. கலத்தின் கணனி நுண்கட்டுப்படுத்தியிலும் பெரியது. எனினும் திரையும் விசைப்பலகையும் இன்றிப் பொறியொன்றினுள் அடங்கி அதனை ஆள்வதால் இதே இனத்தைச் சேர்ந்ததே. ஒரு செயலியைப் பல வேலைகள் பங்கிட்டுக்கொண்டன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தரம் உண்டு. உயர்தர வேலை வந்ததும் தாழ்தர வேலை விலகி இடங்கொடுக்கவேண்டும். கலத்தின் உறுப்புகளுக்கிடையே தகவலைப் பகிர்ந்தளிக்கும் வேலைக்கு மிக உயர்ந்த தரமொன்று அளிக்கப்பட்டிருந்தது. காற்று, வெப்பம், அமுக்கம் ஆகியவற்றை அளக்கும் வானிலை வேலை தாழ்ந்த தரத்தது. இடையே செய்தித்தொடர்பு முதலிய பல வேலைகள். வினாடிக்கு எட்டு முறை மேலாளர் போன்ற ஒரு வேலை எழுந்து, தகவற் பகிர்வு முடிந்ததா என்று பார்க்கும். முடியாதிருந்தால் ஏதோ பெருங்கேடு நேர்ந்துவிட்டதெனக் கொண்டு, கணனி முழுவதையும் முதலிலிருந்து தொடங்கச் செய்யும்.

இறங்கிய சில நாள்களில் அதுவே நடந்தது. கணனி திடீரெனத் தன்னைத் தானே அணைத்து மீண்டும் தொடங்கிற்று. பின்னர் வேறொரு நாளும் அவ்வாறே ஆயிற்று. முன் சேர்த்த தகவல்கள் அழியவில்லை. ஆயினும் அன்றைய எஞ்சிய அலுவல்கள் மறுநாளைக்குத் தள்ளப்பட்டன. இறங்கிய கலத்துக்கு ஒரு மாதமும் ஊர்திக்கு ஏழு நாள்களுமே ஆயுள் என்று வரையறுத்திருந்த பயணத்தில் ஒரு நாள் எளிய பொருளன்று. கலத்திடம் கேள்வி கேட்டாற் கேள்வி செல்லப் பத்து நிமிடங்களுக்கு மேல். விடை வர மீண்டும் அவ்வளவு. கலத்தை நடுவழியில் நிறுத்திப் பதிவேடுகளைப் பார்ப்பதென்பது நினைத்துப்பார்க்கவும் முடியாத காரியம்.

கலிபோர்ணியாவின் பாசடீனா நகரிலுள்ள ஆய்வுகூடத்தில் கலத்தின் இரட்டைப்பிள்ளை போன்ற மாதிரிக் கணனி ஒன்று இருந்தது. மென்பொருட் குழுவுக்குத் தலைவராயிருந்தவர் கிளென் றீவ்ஸ். சோதனைக்காக எழுதிய குறிப்பேட்டு வசதிகளை ஏவுவதற்கு முன் நீக்கிவிடவேண்டும் என்று கருதுவோர் பலர். இக்குழுவினரோ சோதித்த மென்பொருளையே பறக்கவிடவேண்டும், பறப்பதையே சோதிக்கவேண்டும் என்னும் கொள்கையினராய், அவற்றை உள்ளேயே விட்டிருந்தனர். மாதிரிக் கணனியைச் செவ்வாயில் நிகழ்ந்தவாறே வேலைசெய்ய விட்டு, குறிப்பேட்டை எழுதச்செய்து காத்திருந்தனர். 18 மணிநேரத்துள் மாதிரியும் அவ்வாறே விழுந்தெழுந்தது. குறிப்பேட்டைப் புரட்டியதும் காரணம் தெளிவாயிற்று.

பாடசாலை அலுவலகம் ஒன்றை எண்ணிக்கொண்டால் அக்காரணம் விளங்கும். அங்கு எழுதும் மேசை ஒன்றே. உயர்ந்தவர் வந்தாற் தாழ்ந்தவர் எழுந்து இடந்தரவேண்டும். ஆவணப் பெட்டகம் ஒன்றுண்டு. அதற்குத் திறப்பும் ஒன்றே. சிற்றூழியர் ஒருவர் திறப்பை எடுத்து, ஒரு நிமிட வேலைக்காக மேசையில் அமர்கின்றார். அதற்குள் அதிபர் வருகின்றார். அவருக்கும் பெட்டகம் வேண்டும். திறப்பு இன்னும் சிற்றூழியரிடம். ஒரு நிமிடந்தானே என்று அதிபர் பொறுத்து நிற்கின்றார். அவ்வேளையில் எழுதுவினைஞர் ஒருவர் வந்து, தாம் சிற்றூழியரிலும் உயர்ந்தவராதலின் அவரை எழுப்பிவிட்டு மேசையில் அமர்ந்து நீண்ட கடிதங்களை எழுதத் தொடங்குகின்றார். அவருக்குப் பெட்டகமும் வேண்டாம், திறப்பும் வேண்டாம். சிற்றூழியர் வேலையை முடித்தாலன்றித் திறப்பு வராது. மேசை கிடைத்தாலன்றி வேலை முடியாது. யாவரினும் உயர்ந்த அதிபர் வாசலில் நிற்க, இடைத்தரத்தவர் ஆறுதலாக எழுதுகின்றார். ஒழுங்கை மீறியவர் ஒருவருமில்லை; விளைவு மட்டும் தலைகீழ். இதற்குத் தரத் தலைகீழாக்கம் என்று பெயர். செவ்வாயில் தகவற் பகிர்வு வேலை அதிபராகவும், வானிலை வேலை திறப்பை வைத்திருந்த சிற்றூழியராகவும், செய்தித்தொடர்பு முதலியவை எழுதுவினைஞராகவும் நின்றன. மேலாளர் வந்து பார்த்தபோது அதிபரின் வேலை முடிந்திருக்கவில்லை. உடனே அலுவலகத்தையே இழுத்து மூடித் திறந்தார்.

இதற்கு மருந்து முன்னரே எழுதப்பட்டிருந்தது. லூயி ஷா, இரகுநாதன் ராஜ்குமார், ஜோன் லெஹொக்ஸ்கி ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அது தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. இவர்களுள் ராஜ்குமார் கோயம்புத்தூரிற் பொறியியல் கற்றவர். அதிபர் திறப்புக்காகக் காத்திருக்கும்வரை சிற்றூழியரை அதிபரின் தரத்தவராகவே கொள்க. எழுதுவினைஞர் அவரை எழுப்பலாகாது. திறப்பைத் திருப்பித் தந்ததும் அவர் தம் பழைய தரத்துக்கு இறங்குக என்பதே அவ்விதி. பாத்ஃபைண்டர் பயன்படுத்திய விஎக்ஸ்வேர்க்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் அவ்விதி இருக்கவே செய்தது. ஆனாற் குறித்த அந்தத் திறப்புக்கு மட்டும் அது அணைத்த நிலையில் விடப்பட்டிருந்தது. ஒரு குறியை மாற்றினால் விதி உயிர்பெறும்.

அவ்வளவு சிறிய மாற்றமாயினும் உடனே அனுப்பிவிடவில்லை. அம்மாற்றத்தாற் பிறவேலைகள் எவ்வாறு பாதிக்கப்படும் என்று ஆராய்ந்தனர். மாதிரிக் கணனியிற் சோதித்தனர். பின்னர், கலத்தில் உள்ள மென்பொருளுக்கும் வேண்டிய மென்பொருளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் வானொலி அலைவழி அனுப்ப, கலத்திலிருந்த தனிச் செய்நிரலொன்று அதனைப் பலவாறு சரிபார்த்துத் தன் பிரதியைத் திருத்திக்கொண்டது. அந்நோய் அத்துடன் தீர்ந்தது.

இவ்வழு பூமியிலேயே பிடிபட்டிருக்கலாகாதா என்ற கேள்வி எழும். ஏவுமுன் நடந்த சோதனைகளில் இது தலைகாட்டியதுண்டு. தேடிப்பிடிக்க முயன்றபோது மீண்டும் வரவில்லை. உயிர்நாடியான இறங்கும் பகுதியின் மென்பொருளிற் கவனம் முழுவதும் சென்றிருந்த காலம் அது. இறங்கும்போது தவறினாற் கலமே இல்லை. தரையில் ஒருமுறை விழுந்தெழுவதோ பொறுக்கத்தக்கது. இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்றிருப்பதுபோல, காரணத்தோடு பொறுத்துக்கொண்ட வழு அது எனலாம். அவர்களைக் குறைகூறுவது எளிது. அந்நிலையில் வேறு விதமாகத் தீர்மானித்திருப்போர் சிலரே. வேறொன்றும் நேர்ந்தது. செவ்வாயிலிருந்து தகவல் அனுப்பும் வேகம் எதிர்பார்த்ததினும் நன்றாயிருந்தமையால், கலத்துக்கு வேலையும் கூடிற்று. எழுதுவினைஞர் மேசையில் அமரும் வேளைகளும் கூடின. நன்மை எதிர்பார்த்த அளவைக் கடக்கும் நிலைமையை எவரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

ஊர்தி 7 நாள்களுக்கு மாறாக 83 செவ்வாய் நாள்கள் இயங்கியது. கலத்திலிருந்து இறுதியாக முழுத் தகவல் கிடைத்தது 1997 செத்தெம்பர் 27ஆந் திகதி. அதற்குள் இறங்கிய கலம் 16,500க்கு மேற்பட்ட படங்களையும், ஊர்தி 550 படங்களையும் அனுப்பியிருந்தன. திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு கலக்கத்தையும் விளைத்த அந்தக் கடைத்தர வானிலை வேலை, காற்றையும் வெப்பத்தையும் அமுக்கத்தையும் அளந்து சேர்த்த கணக்குகள் 85 இலட்சம்.